கழுவாத சொல்

ஸாக்பெலிக்குப் போன வெள்ளை ஜீப்பில்
யோஸ்ட்டின் பக்கத்து இருக்கை எனக்கு.
அவர் ஆங்கிலத்தில் பேசுவார்,
நான் தக்பானியில் சொல்வேன்.
நாள்கூலி. மதியச் சோறு தனி.

மசூதிச் சுவரின் நிழலில் ஊர் கூடியது.
அவர் உள்ளங்கையில் மூன்று கறுப்பு விதை.
காட்டாமணக்கு.
கல்லறை ஓரத்தில், தோட்ட வேலியில்
யாரும் கேட்காமல் நின்ற அதே செடி.
"இதில் லாரி ஓடும்" என்றார்.
"இதில் லாரி ஓடும்" என்றேன்.
சிரித்தார்கள்.

கொண்டுவந்த எண்ணெயை
ரஹினாத்துவின் மாவு மில் எஞ்சினில் ஊற்றினார்.
இரண்டு தரம் இருமிவிட்டு
மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.
பயறு வறுத்த மாதிரி ஒரு புகை.
நானும் கைதட்டினேன்.
அதில் பொய் இல்லை,
இதையும் எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும்.

பிறகு சொன்னார்:
"யாருக்கும் பயன்படாத நிலம்."
அந்தச் சொல் எனக்கு நாக்கில் ஏறவில்லை.
வெயில் வேறு.
"ஓய்வெடுக்கும் நிலம்" என்றேன்.
அது அவர்களுக்குத் தெரியும்.
சில வருடம் உழுத மண் சில வருடம் தூங்கும்.
தூங்கும் மண்ணில்
ஷியா மரங்கள் மட்டும் விழித்திருக்கும்.
அவர் தலையாட்டினார். அவர்களும் தலையாட்டினார்கள்.
இரண்டு தலையாட்டலுக்கும் நடுவில்
நான் குடித்த தண்ணீர்
இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

புல்டோசர் மார்ச்சில் வந்தது.
ஷியா மரங்கள் சாயச் சாய
ரஹினாத்து எண்ணிக்கொண்டே நின்றாள்.
அறுபத்தொன்றில் நிறுத்தினாள்.
"எண்ணெய் வேண்டுமென்று
எண்ணெய் மரத்தை வெட்டுகிறார்களே,
இதை அவருக்குச் சொல்" என்றாள்.
யோஸ்ட் அப்போது போனில் இருந்தார்.

இரண்டு வருடம் சம்பளம் வந்தது. மறைக்க மாட்டேன்.
அஸிபி வீட்டுக்குத் தகரக் கூரை,
அவள் தம்பிக்குத் தவணையில் மோட்டார் சைக்கிள்.
ஆடு கடிக்காத இலை என்பது
நல்ல சேதியாகத்தான் இருந்தது,
விதை தித்திக்கிறதென்று நான்கு பிள்ளைகள் தின்று
விடிய விடிய வாந்தியெடுக்கும் வரை.

தண்ணீர் இல்லாமல் சாகாது என்றார்.
சாகவில்லை.
தண்ணீர் இல்லாமல் காய்க்காது என்பதை
அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை போல.
காய்த்ததும் ஒரே கொத்தில்
பூ, பச்சை, மஞ்சள், கறுப்பு.
மெஷினுக்கு அந்தப் பொறுமை கிடையாது,
விரலால்தான் பொறுக்க வேண்டும்.
பகல் முழுக்கப் பொறுக்கினால் அரை மூட்டை.
அரை மூட்டைக் காசுக்குச் சந்தையில்
இரண்டு வள்ளிக்கிழங்கு,
முன்பு அந்த மண்ணிலேயே தோண்டிய கிழங்கு.

கடலுக்கு அப்பால் எங்கோ
கச்சா எண்ணெய் விலை இறங்கியது.
ஸாக்பெலிக்கு ஜீப் வருவது நின்றது.
நிலப் பத்திரம் மட்டும்
ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி
எங்களைவிட அதிக ஊர் பார்த்துவிட்டது.

செடிகள் நிற்கின்றன, வரிசை குலையாமல்,
சம்பளத்துக்குக் காத்திருப்பவர்கள் போல.
ரஹினாத்து கிளைகளை ஒடித்துப் போய்
கடலைத் தோட்டத்தைச் சுற்றி நட்டாள்.
அந்த வேலியின் விதையில்
சனிக்கிழமை தோறும் மில் ஓடுகிறது,
இருமிக்கொண்டு.
அவ்வளவுதான் அது.
அவ்வளவு நிச்சயம்.

நேற்று வேறொரு ஜீப். நீலம்.
வேறு விதை, வேறு வரைபடம்,
பக்கத்து இருக்கையில் பழையபடி நான்.
அதே சொல்லை இவரும் சொன்னார்.
நான் வாய் திறந்தேன்.

"நாபாரி, பொறு" என்றாள் ரஹினாத்து.
"அவர் வாயில் இருப்பதை அப்படியே எடுத்துக் கொடு.
கழுவாதே."

கொடுத்தேன்:
எதற்கும் உதவாத நிலம்.

ஒரு தலையும் ஆடவில்லை.
அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.
வேலி, கடலை, மில்லின் புகைக்குழாய்,
தப்பித்து நிற்கும் மூன்று ஷியா மரம்.

"எந்த ஊரைப் பற்றிப் பேசுகிறார்?" என்றாள்.

அதை ஆங்கிலத்தில் சொன்னேன்,
கொஞ்சம் சத்தமாகவே.