பதினொரு மில்லி

வியாசர்பாடி எஸ்டேட்டில் ஏழாவது ஷெட்.
நான் வெட்டும் வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.
கண்ணுக்குப் படாத நிறம் அது.
தகட்டுக்கு அடியில் பொறி கொட்டும்போதுதான்
இருக்கிறது என்று தெரியும்,
சுவருக்கு அந்தப்பக்கம் பாத்திரம் விழும்போது
சண்டை தெரிவதுபோல.

மஞ்சள் உறைக்குள் ஒரு கண்ணாடி இழை,
தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன்.
மூவாயிரம் வாட் அதற்குள் வளைந்து வருகிறது.
ரொம்ப மடக்காதே, ஒடிந்தால்
உன் மூணு வருஷச் சம்பளம் என்பார் பாக்கியநாதன்.
அதே வாயால்தான்
கக்கூஸ் சாவி என்னிடம் இருக்கும், கேட்டு வாங்கு என்பார்.

கேட்டு வாங்க
நோட்டில் பெயர், நேரம், கையெழுத்து.
ஷமீமா மாதத்தில் மூன்று நாள் லீவு போட்டாள்.
நான் தண்ணீரை விட்டேன்.
காலை ஆறு மணிக்கு அரை டம்ளர்,
பிறகு கொடுங்கையூர் வந்து சேரும்வரை
எச்சில்.

ஆடியில் வந்தது வலி.
இடுப்பில் தொடங்கித் தொடைக்கு இறங்கி
ஷேர் ஆட்டோவில் என்னை மடித்து வைத்தது.
ஸ்கேன் பார்த்து, பதினொரு மில்லி என்றார்கள்.
பத்துக்கும் பன்னிரண்டுக்கும்
எந்த நாசில், எவ்வளவு ஆக்சிஜன், என்ன வேகம்
எல்லாம் மனப்பாடம்.
பதினொன்று என் பட்டியலில் இல்லை.

முதுகில் ஊசி போட்டு
இடுப்புக்குக் கீழே என்னை அணைத்துவிட்டார்கள்.
மேலே விழித்திருந்தேன்.
டாக்டர் ரூபவாணி கையில் ஒரு கண்ணாடி இழை.

"இது என்ன லேசர் மேடம்?"
"ஃபைபர்மா. கல்லைப் பொடியாக்கும்."
"எத்தனை வாட்?"
மயக்க மருந்துக்காரர் திரும்பிப் பார்த்தார்.
"முப்பது வச்சிருக்கேன். ஏன்?"
"எங்குளுது மூவாயிரம்."
முகமூடிக்குள் அவர் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

கண்ணாடியில் கலந்த சத்துதான் வேறு.
எங்களுடையதில் இட்டெர்பியம்,
மேனுவலில் அந்தப் பெயர்மேல்
என் எண்ணெய் விரல் இன்னும் இருக்கும்.
இதில் துலியம்.
"எங்க வெளிச்சம் தண்ணியைக் கண்டுக்காது மேடம்."
"இது தண்ணியைக் கண்டா விடாது, அங்கயே குடிச்சிடும்.
அதனாலதான் கல்லைத் தாண்டி சதைக்குப் போகாது."
சற்று நேரம் கழித்து அவரே கேட்டார்:
"நீ ஏன் குடிக்கல?"

திரையில், எண்ணூர்க் காற்று திரும்பும் நாளில்
மொட்டைமாடித் துணிகளில் படியுமே சாம்பல்,
அப்படி மிதந்துகொண்டிருந்தது என் கல்.
நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் வேலைக்குப் போனேன்.
கரண்ட் பெட்டிக் கதவுகள், இரண்டு மில்லி எஸ்.எஸ்.,
நாற்பத்தெட்டு.
அடுக்கிப் பார்த்தால் ஷீட்டின் வலது ஓரம்
நான்கு விரல் கழிவு.
அங்கே சின்னதாக ஒன்று வரைந்தேன்.
நோட்டில் கையெழுத்திட்டு வாங்கியபோது
உள்ளங்கையில் பேனாவால் எடுத்துவந்த அளவு:
தண்டு, இரண்டு பல், நடுவில் ஒரு பள்ளம்.

நைட்ரஜன் சீறியது. மூன்று விநாடி.
கழிவோடு விழுமுன் எடுத்தேன், சூடாகவே.

முதல் சாவி திரும்பவில்லை.
வெளிச்சம் தின்னும் அகலத்தை
கணக்கில் சேர்க்க மறந்திருந்தேன், நான் போய்.
இரண்டாவது திரும்பியது.

ஷமீமாவுக்கு ஒன்று, ஜெசிந்தாவுக்கு ஒன்று,
பெருக்க வரும் குமுதவல்லிக்கு ஒன்று.
நோட்டு இன்னும் ஆணியில் தொங்குகிறது.
பொம்பளைங்களுக்கு இப்பத்தான் ஒழுக்கம் வந்திருக்கு என்று
பாக்கியநாதன் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் இரண்டாவது பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தேன்.