கைப்பிடி

ரயில்வே ஆஸ்பத்திரி மாத்திரை
வயிற்றைத்தான் கெடுத்தது.
ஷிர்கேதான் சொன்னான்: பைகுல்லாவிலேயே, அடுத்த சந்து,
பேக்கரிக்கு மேலே, மாடிப்படி இருட்டாக இருக்கும்,
ஊசி குத்துகிறார்கள், மருந்தில்லாத ஊசி.
மருந்தில்லாமல் எதற்கு ஊசி என்றேன்.
போய்ப் பாரேன் தணிகாசலம், என் கழுத்து திரும்புகிறதே என்று
திருப்பிக் காட்டினான்.

சுவரில் ஒரு மனிதன் சட்டையில்லாமல் நின்றான்.
உச்சியிலிருந்து கால் கட்டைவிரல் வரை கோடுகள்,
கோடுதோறும் புள்ளி, புள்ளிதோறும் சீன எழுத்து.
எனக்குப் புரிந்தது ஒன்றுதான்:
இந்த ஆளுக்குள்ளும் மெயின் லைன், ஹார்பர் லைன் உண்டு.

டாக்டர் நஸ்ரீன் முகாதம் நாக்கை நீட்டச் சொன்னார்.
நாற்பத்தொன்பது வயதில்
நாக்கை நீட்டியபடி உட்கார்ந்திருப்பது எளிதல்ல.
ஓரத்தில் பல் பதிந்திருக்கிறது என்றார்.
ஐஸ் தண்ணீர் குடிப்பீர்களா என்றார்.
மே மாதம் என் கேபினுக்குள் வந்து பாருங்கள் என்றேன்.
சிரித்துவிட்டு மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தார்.

சும்மா வைக்கவில்லை. அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி,
கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதை
ஒட்டுக் கேட்பது மாதிரி.
பிறகு காய்கறி விலை விசாரிக்கிற குரலில்:
ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறீர்களா?

மூன்று இருபதுக்கு.
சொல்லவில்லை. தோள்வலி என்றுதானே வந்தேன்.
மூன்றிலிருந்து ஐந்து நுரையீரலின் நேரமாம்,
துக்கம் அங்கேதான் தங்குமாம், அவர்கள் சாஸ்திரம்.
எங்கள் டைம்டேபிளில் மூன்று மணிக்கு
வண்டியே கிடையாது.
அதையும் சொல்லவில்லை.

முட்டிக்குக் கீழே ஒன்று, கணுக்காலில், காது மடலில்.
குத்தியது தெரியவில்லை. குத்தியபின்
உள்ளே ஏதோ கனத்து இறங்கியது,
பிழியாத துணியைக் கொடியில் போட்டதுபோல்.
வலது கைக்கு வந்ததும் நின்றார்.
கையை விடுங்கள்.
விட்டுத்தான் இருக்கிறேன்.
இல்லை, பாருங்கள்.

பார்த்தேன். முஷ்டி மூடிக் கிடந்தது,
எதையோ கீழே அழுத்திப் பிடித்தபடி.

அம்மா, இருபத்திரண்டு வருஷமாக
இந்தக் கையின் வேலையே விடாமலிருப்பது.
ஓட்டுகிறவன் செத்துப்போனால் கை நழுவும்,
கை நழுவினால் பிரேக் பிடிக்கும்,
பின்னால் நாலாயிரம் பேர் பிழைப்பார்கள்;
அதற்காகவே செய்த கைப்பிடி.
ஓட்டுகிறவன் சாகாமல்,
கோவண்டிக்கு முன்னால், வளைவில்,
பச்சைக் குடையோடு ஒருவன் திரும்பிப் பார்த்தால்?
அன்றைக்குக் கையை விட்டேன்தான். எல்லாம் விட்டேன்.
பன்னிரண்டு பெட்டி நிற்க இடம் வேண்டாமா.

இவ்வளவும் வாய்க்குள்தான்.
கையை விட்டேன் என்பதற்கும் கைவிட்டேன் என்பதற்கும்
என் இந்தியில் ஒரே வார்த்தை.

மணிக்கட்டு ரேகையில், சுண்டுவிரல் பக்கம்,
மெல்லிசாக ஒன்று. பெயர் மனசின் வாசல் என்றார்,
ஏதோ பஸ் ஸ்டாப்பைச் சொல்வதுபோல்.
விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

ஜன்னலுக்கு வெளியே வண்டிகள்.
பதினைந்து பெட்டி, கல்யாண் ஃபாஸ்ட்.
அடுத்ததில் ஒரு சக்கரம் தேய்ந்திருக்கிறது, டக் டக்,
யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.
அடுத்தது

எழுப்பியபோது, குறட்டை பேக்கரிவரை
கேட்டதாகச் சொன்னார்கள்.
கை விரிந்து கிடந்தது, உள்ளங்கை மேலே,
கடன் கேட்கிற மாதிரி.

தோளா? தேவலை. சட்டை மாட்ட முடிந்தது.
வெந்நீர் குடியுங்கள், செவ்வாய்க்கிழமை வாருங்கள், நானூறு ரூபாய்.
குணம் என்று கையெழுத்துப் போட்டுத் தரமாட்டேன்.

குர்லாவில் மாறி உட்கார்ந்தேன்.
எதிர் சீட்டுப் பையன் அம்மாவை இடித்துக் காட்டினான்:
அங்கிள் காதில் ஊசி.
தடவினேன். இருந்தது. எண்ணாமல் விட்டிருக்கிறார்.
பிடுங்கிவிடலாம்தான்.
திலக் நகரை விட்டு வண்டி கிளம்பியது.
ஓட்டுவது பால்கர், ஹார்னிலேயே தெரியும்.
கோவண்டி தாண்டட்டும் என்று
கையை மடியில் வைத்துக்கொண்டேன்.