எண்பத்தைந்து சென்ட்

உறையில் அறுபத்திரண்டு டாலர்.
மேலே என் கையெழுத்தில் 'வியாழன்' என்று மட்டும்.
டுலூத்தின் காகித ஆலை அக்டோபரிலிருந்து
வாரம் மூன்று நாள்தான் மூச்சு விடுகிறது.
மீதி நாட்களில் ஆர்விட்
வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போடுகிறான்.
இப்போது எங்கள் வீட்டில் எதுவும் கிறீச்சிடுவதில்லை,
என்னைத் தவிர.

ஐம்பது டாலருக்கு வாங்கினால் வான்கோழி இலவசம்.
கடை வாசலில் ஒவ்வோர் எழுத்தும் என் மகன் தலை பருமனுக்கு.
இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால்
எப்போதும் ஒரு கால்குலேட்டர் ஒளிந்திருக்கும்.
எனக்கு விரலே போதும்.
உருளைக்கிழங்கு பத்துப் பவுண்டு மூட்டை,
முளை விட்டது, பாதி விலை.
முளையைக் கிள்ளத்தான் கத்தி இருக்கிறதே.
வெங்காயம். ஓட்ஸ். முட்டைக்கோஸ்.
நேற்றைய ரொட்டி இரண்டு:
வான்கோழி வயிற்றுக்குள் போகக் காய்ந்ததுதான் லாயக்கு,
புதியது குழைந்துவிடும் என்பதை
கையில் காசில்லாத எவளோதான் கண்டுபிடித்திருப்பாள்.
வெண்ணெயை எடுத்தேன், வைத்தேன்,
எடுத்தேன்.
மாவும் சோப்பும் பற்பசையும்
இந்த ஒரே பில்லில் ஏறட்டும் என்று
மூன்று வாரமாய் வாங்காமல் அடக்கி வைத்திருந்தேன்.
பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து
உள்ளே வழித்த கதையை
யாரிடமும் சொல்லவில்லை.

கல்லாவில் கடைசிப் பொருளும் 'டீங்' என்றது.
நாற்பத்தொன்பது, பதினைந்து.

என் மனக்கணக்கில் எங்கோ
ஒரு முட்டைக்கோஸ் இரண்டு முறை ஏறியிருக்கிறது.
பின்னால் பனிக்காலணிகள்
வரிசையாய்க் கால் மாற்றி நின்றன.
கல்லாப் பையன், சட்டையில் 'ஆன்ஸன்' என்ற பட்டை,
என்னைப் பார்க்காமல்,
பார்க்காமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டு,
பக்கத்துக் கூடையைக் காட்டினான்.
ஆரஞ்சு. ஒன்று எண்பத்தைந்து சென்ட்.

பன்னிரண்டு பவுண்டு வான்கோழியைச் சுமந்து
ஏரிக்காற்றில் பேருந்துக்கு நின்றபோது
கோட்டுப் பையில் அந்த ஆரஞ்சு
தொடையில் இடித்துக்கொண்டே இருந்தது,
கடைக்குக் கூட வந்த பிள்ளை மாதிரி.

வியாழன்.
மேல்மாடி ஹால்வர்சன் அம்மாள்
வாட்டும் தட்டை இரவல் தந்தாள்.
தட்டு தனியே வராது என்று தெரியும்,
நாற்காலி முன்பே போட்டிருந்தேன்.
போன வருஷத்து நன்கொடைப் பெட்டியில் மிஞ்சிய
கிரான்பெர்ரி டப்பாவைத் திறந்து,
தேதி அச்சிட்ட மூடியை
யாரும் பார்க்குமுன் எறிந்தேன்.

சாப்பிடுமுன் ஆளுக்கொரு நன்றி. வழக்கம்.
சிக்னே பள்ளிக்கூட மேளக்குழுவுக்குச் சொன்னாள்.
ஹால்வர்சன் அம்மாள் தன் புது இடுப்பு மூட்டுக்கு,
கொஞ்சம் நீட்டி முழக்கி.
சின்னவன் ரூனே "கிரேவிக்கு" என்றான், கரண்டி ஏற்கெனவே அதில்.
ஆர்விட்டின் முறை.
முள்கரண்டியை நேராக்கினான். பிறகு கத்தியை.
மறுபடி முள்கரண்டியை.
"அடுத்து," என்றான்.

கதவுகளுக்கு, என்றேன் நான்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அவனும், சற்றுப் பிந்தி.

கடைசியில் ஆரஞ்சை உரித்தேன்.
பதினொரு சுளை, ஐந்து பேர்.
இரண்டிரண்டாய்ப் போனபின்
ஒன்று தட்டில் நின்றது.
பேச்சு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தது,
கைகள் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை.
ரூனேதான் பொறுக்கமாட்டாமல்
அதை நகத்தால் ஐந்தாய்க் கிழிக்கப் பார்த்தான்.
பாதி மேசைவிரிப்பில் போயிற்று.
மீதியை யார் தின்றார்கள் என்று
இப்போதும் தகராறு.

இரவு எலும்புகளைப் பெரிய பானையில் போட்டேன்,
வெங்காயத் தோலோடு.
வெள்ளி சூப். சனி சூப்.
ஞாயிறன்று ஓட்ஸைக் கொட்டி
வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம்.
மேல்மாடித் தட்டைக் கழுவி,
வெறுமையாய்த் திருப்பக் கூடாதென்று
நெஞ்சுக்கறி இரண்டு துண்டு வைத்தேன்.
ஆரஞ்சுத் தோலை ரேடியேட்டர் மேல் பரப்பினேன்.

ஆர்விட் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.
எப்படித் தெரியும், கதவுதான் வாயடைத்துக் கிடக்கிறதே.
ஒரு தோலை எடுத்து
விளக்கருகே மடித்து அழுத்தினான்.
கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமல்
ஒரு தூறல் தெறித்தது.
"இது எவ்வளவு?"
"எண்பத்தைந்து சென்ட்."

முகர்ந்தான்.
இன்னொரு முறை, கண்ணை மூடிக்கொண்டு.
பிறகு அதை
என் மூக்கருகே நீட்டிக்கொண்டு நின்றான்,
சொல்லாமல் விட்ட முறை
இப்போதுதான் வந்ததுபோல.