பேடா

முதல் வாரம் தொடாதே என்றிருந்தது.
தொடவில்லை.
சத்துவாச்சாரியில் மாடிமேல் ஒற்றை அறை.
பிரசவ வார்டு வாசலில் நடக்கிற ஆள் மாதிரி
ஏழு நாள் ஒரு கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நடந்தேன்.

ஆரஞ்சு நிறம். பென்சில் பருமன்.
சுருண்டால் ஆற்காட்டு மக்கன் பேடா அளவு,
அதனால் பேடா.
அடிவயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டங்கள்.
மக்காச்சோளக் கதிர் போலவாம், பெயரே அதில் வந்ததாம்.
எனக்கென்னவோ ஆஸ்பத்திரி வராண்டாத் தரை.

படித்ததெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது.
பெட்டியின் ஒரு மூலை முப்பது டிகிரி,
மறு மூலை இருபத்து நான்கு,
அடியில் சூட்டுப்பாய் விரி, மின்சாரம் கொடு.
சிரித்துவிட்டேன்.
மே மாதம். வேலூர்.
முப்பதே இங்கே விடியற்காலை நாலு மணிக்கு
பாலாற்று மணலைத் தாண்டி வந்து
பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போகும்.
இருபத்து நான்கு இருக்கும் இடம்
நான் நைட் டியூட்டி பார்க்கும் ஸ்கேன் அறை.
அங்கே செருப்புக்கே அனுமதி இல்லை.

சூட்டுப்பாய் உறை பிரிக்காமல் பீரோ மேல் கிடக்கிறது.
தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துண்டில் சுற்றி
மூடியின் ஓர் ஓரத்தில் வைக்கிறேன்.
பூந்தொட்டி இரண்டு, விளிம்பில் வாசல் தட்டி,
இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று.
கரண்ட் போனால்
முதலில் எனக்கு விசிறிக்கொள்வேனா, அதற்கா என்று
இன்னும் முடிவாகவில்லை.

பகலெல்லாம் தொட்டிக்குள்ளேயே கிடந்தது.
என்னைப் பிடிக்கவில்லை போல.
பிறகு புரிந்தது:
கண்ணில் படாமல் இருந்தால் சௌக்கியம் என்று அர்த்தம்.
அம்மா போன் பண்ணும்போது
எனக்கும் இதைச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பெட்டி காலி.
சுண்டுவிரல்கூட நுழையாத இடுக்கு அது.
மூன்று மணி நேரம் தரையில் தவழ்ந்து
வாஷிங் மெஷினுக்கு அடியில் கண்டெடுத்தேன்.
அன்றே நாலு கிளிப்.

மறுநாள் அதன் கண்களில் நீலமாய்ப் பால் படர்ந்தது.
புரை என்று பயந்துபோனேன்.
தோல் உரிக்கப் போகிறதாம்.
ஈரப்பாசி வை, உணவு வேண்டாம், தொடாதே.
மறுபடியும் தொடாதே.

பக்ரீத் கறி வைக்க ஃப்ரீசரில் இடம் கேட்டு
கீழ்வீட்டு ஷமீம் அக்கா ஏறி வந்தபோது
நான் குளித்துக்கொண்டிருந்தேன்.
தானே திறந்திருக்கிறார்.
டிபன் பாக்ஸில் கண் திறக்காத எலிக்குஞ்சுகள்,
ரோஸ் நிறம், உறைந்து, பதினொன்று.
அந்த அலறலுக்கு
எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவள் உட்கார்ந்துவிட்டாள்.

தன்வீர் பாய் வந்தார். வீடு அவருடையது.
ராணிப்பேட்டையில் தோல் தரம் பிரிக்கிற வேலை, முப்பது வருஷம்.
அரசாங்கப் பதிவுக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு
மனசுக்குள் சாமான்களை மூட்டை கட்டினேன்.
பெட்டிக்கு நாலடி தள்ளியே நின்றார்.
"வெளிய வராதே?"
வராது பாய் என்றேன்.
செவ்வாய்க்கிழமையைச் சொல்லவில்லை.

தண்ணீர்க் கிண்ணத்தின்மேல்
காலையில் உரித்த சட்டை கிடந்தது.
எடுத்து நீட்டினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.
வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன்.
இரண்டு கையாலும் வாங்கி
ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்தார்,
தலையிலிருந்து வால்வரை மெதுவாக நகர்த்தினார்,
நகத்தால் ஓரம் தடவினார்.
"கீறல் இல்ல.
கண்ணு மூடிகூட வந்திருக்கு பாரு, பியூலா."
கொஞ்சம் கழித்து,
"போட்டவன் உயிரோட இருக்கான்" என்றார்,
எனக்கல்ல, அந்தத் தோலிடம்.
வாடகையைப் பற்றிப் பேசாமல் இறங்கிப் போனார்.

கறி வேறு வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போயிற்று.
என் பங்கு மட்டும்
தட்டு மூடி, படிக்கட்டின் கடைசிப் படியில் வந்தது.
அதற்குமேல் அக்கா ஏறவில்லை.

ராத்திரி, நகப்பூச்சால் அடையாளமிட்ட தம்ளரில்
வெந்நீர் ஊற்றிக் குஞ்சை இளக்கினேன்.
இடுக்கி நுனியில் ஆட்டியதும்
தோல் உரித்த பசி, ஒரே பாய்ச்சல்.
அது விழுங்க விழுங்க
நானும் தரையில் உட்கார்ந்து
எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.
தொண்டையிலிருந்து அந்தச் சின்னப் புடைப்பு
கட்டம் கட்டமாய் நகர்ந்தது.

இனி நாற்பத்தெட்டு மணி நேரம்
தொடக்கூடாது.