ஐந்து குன்றி குறை

வைசியாள் வீதியில் அம்பலவாணச் செட்டி கடையில்
நான் நோட்டக்காரன்.
பொன்னைக் கண்ணால் பார்ப்பது கடைசியில்.
முதலில் காது. பிறகு கட்டைவிரல்.
பிறகு உரைகல், தராசு,
அதற்கும் பிறகு செட்டியாரின் முகம்.

அன்று காலை சென்னப்பட்டணத்துத் தந்தி.
லண்டனில் வெள்ளி மறுபடி சறுக்கியதாம்.
இருபது பிராங்குப் பொன் ஒன்றுக்கு
நேற்றுவரை எட்டே முக்கால் ரூபாய்,
விடிந்தால் ஒன்பதே கால்.
செட்டியார் தந்தியை இரண்டாய் மடித்துப்
பேரேட்டுக்கு அடியில் செருகினார்.
கடையில் விலை எட்டே முக்காலிலேயே
சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

வெயில் ஏறியபின் பூங்காவனம் வந்தாள்.
பாகூர்ப் பக்கத்துக்காரி.
பூர்போன் தீவில் பத்து வருஷம் கரும்பு வெட்டிவிட்டு
முந்தாநாள்தான் சலங்கிலிருந்து மணலில் குதித்தவள்.
கால் இன்னும் தரையை நம்பவில்லை.
இடுப்பிலிருந்து ஒரு துணிப்பட்டையை அவிழ்த்தாள்.
பதினொரு பொன்.
ஒவ்வொன்றுக்கும் தனி அறை தைத்திருந்தாள்,
குளவிக்கூடு மாதிரி.

சுண்டினேன், ஓசை சுத்தம்.
உரைத்தேன், மாற்றில் குற்றமில்லை.
ராஜாவின் காது மழுங்கியிருந்தது.
விளிம்பு எழுத்துகளைப் பாதிக்குமேல்
யாரோ நக்கித் தின்றிருந்தார்கள்.
தட்டில் ஐந்து குன்றிமணி குறை.

"குறைன்னா?"
"தேஞ்சிருக்கு."
"நான் ஒண்ணைக்கூட செலவழிக்கலையே."
"செலவழிக்காட்டியும் தேயும்மா."

அவள் பட்டையைத் தூக்கித் தராசின்மேல் போட்டாள்.
"பத்து வருஷம் இதுக்குள்ளதான் கெடந்துச்சு.
தேஞ்சது இதுலதான் இருக்கணும். எரி."

பக்கத்துக் கடைப் பத்தரின் குமுட்டியில் எரித்தோம்.
வியர்வை நாறியது. அப்புறம், சத்தியமாய்,
வெல்லம் காய்ச்சுகிற வாசம்.
சாம்பலை வெண்காரம் போட்டு ஊதி இறக்கியபோது
மூசையின் அடியில்
கேழ்வரகு அளவில் ஒரு மணி.
அரைக் குன்றி.

"மீதி நாலரை?"

எனக்குத் தெரியும்.
அவள் கைக்கு வருமுன்னே அந்தக் காசுகள்
எத்தனை சூதாட்ட மேசையில் உருண்டிருக்கும்,
எந்தத் தோட்டத்துரையின் சட்டைப்பையில்
சாவிக்கொத்தோடு குலுங்கியிருக்கும்.
புதுசென்று கணக்கெழுதிப்
பழசைக் கொடுத்திருக்கிறார்கள் கூலிக்கு.
இதை எப்படிச் சொல்வது?
சொன்னால் எந்தக் கப்பலேறிப் போய்க் கேட்பாள்?

அவள் கண் என் முன்னே விரித்திருந்த
சிவப்புக் கம்பளத்துக்கு இறங்கியது.
நாள் முழுக்கப் பொன் கொட்டி அள்ளுகிற கம்பளம்.
"இதை எரிச்சா எவ்வளவு வரும்?"

கடையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு அது.
வருஷத்துக்கொரு ராத்திரி, கதவடைத்தபின்.
போன தீபாவளிக்கு முக்கால் வராகன் எடை.
என் கட்டைவிரலில் ரேகை போய்
ஏழெட்டு வருஷமாகிறது,
அதுவும் அந்தச் சாம்பலில்தான் போயிருக்கும்.

செட்டியார் கனைத்தார்.
"எட்டே முக்கால். குறைக்கு வட்டம் தனி."

"ஒன்பதே கால்."

யார் சொன்னது என்று
நானும் திரும்பிப் பார்த்தேன்.
தெருவில் ஒரு புஷ்வண்டி போய் முடியும்வரை
யாரும் எதுவும் பேசவில்லை.

இரண்டு பொன்னை மட்டும் மாற்றினாள்.
வட்டம் போக வந்த ரூபாய்களை
ஒவ்வொன்றாகக் கல்லில் தட்டிப் பார்த்தாள்,
என்னைப் போலவே, காதைச் சாய்த்து.
மீதி ஒன்பதையும் அந்தக் கேழ்வரகையும்
முந்தானையில் தனித்தனியே முடிந்து
பல்லால் இழுத்து இறுக்கினாள்.
பாகூர் வரை நடை.
அதிலும் கொஞ்சம் தேயும்.

மாதக் கடைசியில் என் சம்பளத்தில் ஒரு ரூபாய் இல்லை.
இரண்டு பொன், தலைக்கு அரை ரூபாய்,
செட்டியார் கணக்கில் ஒருநாளும் தவறமாட்டார்.
பேரேட்டில் என் பெயருக்கு நேரே
அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்:
தேய்மானம்.