எல்லாம் அடக்கம்

ஆண்டின் சிறந்த ஊழியர் என்று
என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
பரிசு: நான் அறை துடைக்கிற அதே ஹோட்டலில்
இரண்டு பேருக்கு ஓர் இரவு.
சாப்பாடு, குடி, கன்கூன் கடல், எல்லாம் அடக்கம்.
கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன்,
வேறு யாருக்கோ கிடைத்தது போல.

ஆறு வருடத்தில் முதல்முறையாக
முன்வாசல் வழியே போனோம்.
தினமும் பஸ்ஸில் என் தோளில் தூங்கி விழுகிற இத்ஸெல்
வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று
"வருக, திருமதி கனூல்" என்றாள்,
பல் தெரிய, ஆனால் சிரிக்காமல்.
நீலப் பட்டையை மணிக்கட்டில் சுற்றிப் பூட்டினாள்.
இழுத்தால் கழலாது. கத்தரி வேண்டும்.
எனக்குத் தெரியாதா,
குப்பைக்கூடைகளிலிருந்து எத்தனை வாரியிருக்கிறேன்.

நாலாம் மாடி. நான் துடைக்கிற மாடி இல்லை,
அந்த அளவுக்கு யோசித்திருந்தார்கள்.
படுக்கைமேல் துண்டில் மடித்த அன்னம்.
கழுத்து கோணல்.
ரெய்னாவின் கைவேலை. அப்போது அவளுக்கு
இன்னும் பதினோரு அறை பாக்கி இருந்திருக்கும்.
கை துறுதுறுத்தது.
நிமிர்த்தவில்லை.

பௌலினோதான் மாறிப்போனான்.
இதே கரையில் கடற்பாசி வாருகிறவன்,
நீந்தத் தெரியாதவன்,
குளத்துக்கு நடுவே தண்ணீருக்குள் கட்டிய பாரில்
இடுப்புவரை நனைந்து உட்கார்ந்து
வில்பெர்த்தைக் கூப்பிட்டான்.
பெயர் சொல்லி இல்லை, விரலால்.
"ஐஸ் கம்மி."
வில்பெர்த் எங்கள் கடைக்குட்டியின் ஞானத்தகப்பன்.
ஐஸ் போட்டான். காகிதக் குடை குத்தினான்.
என்னைப் பார்க்கவில்லை.
நானும் மிதந்துபோன ஒரு ஸ்ட்ராவை
அக்கரை சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு, வீட்டுக்குப் போன் போட்டேன்.
"என்ன சாப்பிட்டே?" என்றான் தமியான்.
இறால், என்றேன். ஆட்டுக்கால்.
தர்ப்பூசணியில் செதுக்கின கிளி. இல்லை, அதைத் தின்னவில்லை.
மூன்று விதக் கேக்.
மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.
"கொஞ்சம் எடுத்துட்டு வா."
எத்தனை தட்டு வேண்டுமானாலும் உள்ளே தின்னலாம்,
ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது.
இதை எட்டு வயதுக்கு எப்படிச் சொல்வது?
தூங்கு, என்றேன்.

ஹோட்டல் சோப்பு மணத்தோடு
இருட்டில் என் பக்கத்தில் ஒருவன் படுத்திருந்தான்.
மூக்குக்கு ஆள் தெரியவில்லை.
பாசியின் அழுகின முட்டை வாடைதான்
பதினான்கு வருடமாக என் புருஷன்.

நாலு மணிக்கு, பழக்கதோஷம்,
எழுந்து பால்கனிக்குப் போனான்.
கீழே டிராக்டர் வெளிச்சம். வாருகோல்கள்.
விருந்தாளிகள் விழிப்பதற்குள்
கடல் ஒன்றும் துப்பாத கடலாகிவிட வேண்டும்.
"வடக்குப் பக்கம் விட்டுட்டானுங்க, பாரு."
புகார் சொல்கிறவன் போல
தொலைபேசியைத் திரும்பிப் பார்த்தான்.
அப்புறம் தன் உள்ளங்கைகளை.
அப்புறம் ரொம்ப நேரம் எதையும் பார்க்கவில்லை.

முன்வாசலில் எங்கள் ஊருக்குப் பஸ் நிற்காது.
ஆகவே பின்வாசல், ஊழியர் கேட்.
கவுதென்சியோ வழக்கம்போல என் பையைத் திறந்தார்.
இரண்டு குட்டிச் சோப்பு.
"இன்னிக்கு விருந்தாளி நான்," என்று
மணிக்கட்டைக் காட்டினேன்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
"பன்னிரண்டோடு முடிஞ்சுதே.
இப்ப பன்னிரண்டே முக்கால்."
ஒரு சோப்பை மேசை இழுப்பறையில் போட்டார்.
மற்றதைப் பைக்குள் திரும்ப வைத்து
ஜிப்பையும் அவரே மூடினார்.

பஸ்ஸில் யாரிடமும் கத்தரி இல்லை.
பௌலினோ பட்டையைப் பல்லால் கடித்தான்.
அறுபடவில்லை.
கோல்ஃப் மைதானம் தாண்டி,
செங்கல் அடுக்கிய காலி மனைகள் தாண்டி,
தார் ரோடு முடிகிற எங்கள் நிறுத்தம்வரை
கடித்துக்கொண்டே வந்தான்.