பதினோராம் இடம்

நகராட்சி இதை மலை என்கிறது.
நூற்றுமுப்பது மீட்டர். ஏறப் படிகள்,
உச்சியில் திசை காட்டும் பித்தளைத் தட்டு.
ஒன்பதாம் சுரங்கம் வேண்டாமென்று துப்பிய கல்
என்று யாரும் சொல்வதில்லை இப்போது;
ஞாயிறுதோறும் சாக்கில் சறுக்கும் பிள்ளைகளின்
கால்சட்டைப் பின்புறம் மட்டும் சொல்லும், கறுப்பாக.

நான் செவ்வாய்க்கிழமை வருவேன்.
ஒன்றரை மீட்டர் இரும்புக் கம்பி,
ஒரு வாயுமானி, பதிவேடு.
பதினேழு இடங்களில் குத்திப் பார்க்க வேண்டும்.
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது
இதற்குப் பேச்சுவழக்கு அல்ல:
உள்ளே எங்கோ மிச்சக் கரி
ஐம்பது வருஷமாகக் கனிந்துகொண்டிருக்கிறது.
தெற்குச் சரிவில் பனி நிற்காது.
யாரோ தின்று துப்பிய அத்தி விதை
மரமாகிவிட்டது, பிரான்சின் இந்த வடகோடியில்.
அறுபது டிகிரி தாண்டினால் வேலி. அதுதான் விதி.

பதினோராம் இடம், பெஞ்சுக்குப் பின்னால்.
போன வாரம் ஐம்பத்தெட்டு.
இன்று அறுபத்தொன்று,
ஓர் ஆளும்.
அட்டைமேல் படுத்திருந்தான்
பூட்ஸைக் கழற்றி ஒழுங்காகச் சேர்த்து வைத்து.
எங்கும் வெண்பனி; அவனைச் சுற்றி
ஒரு பாயளவுக்கு ஈரப் புல்.

'இங்கே கணப்புக்குப் பில் வராது, மேடம்'
என்றான் கண் திறக்காமல்.
பெயர் கேட்டேன். ஒமேர்.
மானியை அவன் முகத்தருகே பிடித்தேன்.
போட்டோ எடுக்கிறேனென்று நினைத்தானோ என்னவோ,
முடியை ஒதுக்கிக்கொண்டான்.
மானி பேசவில்லை.
காற்று திரும்பினால் பேசும், அப்போது நீ
கேட்கிற நிலையில் இருக்கமாட்டாய் என்றேன்.
'பஸ் நிலையத்துக் குளிர் மட்டும்
கேட்டுவிட்டா கொல்லும்?'

சிவப்பு வெள்ளை நாடாவை எடுத்தேன்.
நான்கு முளை, அத்திமரத்தோடு ஐந்து.
கட்டி முடித்துப் பார்த்தால்
அவன் உள்ளே இருந்தான்.
கத்தினால் எழுந்திரு, மேற்கே நட,
பூட்ஸைத் தேடாதே என்றேன்.

பதிவேட்டில்:
பதினோராம் இடம், 61. வேலி போடப்பட்டது.
வாயுமானி, தொலைந்தது.
மேலாளர் ரெமி இரண்டுமுறை படித்துவிட்டு
மூன்று தவணையில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார்.

அடுத்த செவ்வாய்
அத்திக்கிளையில் தொங்கியது மானி, பேட்டரி செத்து.
அட்டை நனைந்து கிடந்தது.
பூட்ஸ் இல்லை.
அதை நல்லதாகவே எடுத்துக்கொண்டு
கம்பியை இறக்கினேன்.
அறுபத்துமூன்று.